கரடியா, வல்லூறா, குதிரையா, மானா: பழைய ஜப்பானிய மரவிலங்குகளில் உங்கள் வீட்டுக்கு எது?

போன மாதம் ஒரு தம்பி இரண்டு படங்கள் அனுப்பியிருந்தார். ஒன்றில் சால்மன் மீனைக் கவ்வியபடி நிற்கும் கருங்கரடி. இன்னொன்றில் வால் முழுக்கச் சுருள் சுருளாகச் சீவல் விரிந்த வல்லூறு. “அண்ணே, ரெண்டும் ஏறக்குறைய ஒரே விலைதான். ஹால்ல வைக்க எதை எடுக்கட்டும்?” என்று கேட்டிருந்தார். நாலு வருஷம் ஜப்பானில் வேலை பார்த்துவிட்டு மதுரைக்குத் திரும்பப் போகிறவர் அவர். வீட்டில் இரண்டு வயதுப் பெண் குழந்தை.

பன்னிரண்டு வருஷமாக ஜப்பானில் இருக்கிறேன். பழைய பொருள் கடைகள், கோயில் வளாகத்தில் நடக்கும் ஞாயிற்றுச் சந்தைகள் என்று அலைந்து இந்த விலங்குகளைச் சேர்த்தவன் என்பதால் இப்படிக் கேள்விகள் வந்துகொண்டே இருக்கும். அந்தத் தம்பிக்கு எழுதிய பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

## முதலில் வீட்டைப் பாருங்கள்

பெரும்பாலோர் விலங்கைப் பார்த்து மனசைக் கொடுத்துவிட்டு, அப்புறம் அதை எங்கே வைப்பது என்று தேடுகிறார்கள். நான் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். அது நிற்கப்போகும் இடத்தை முதலில் முடிவு செய்யுங்கள். அந்த இடத்தில் வெயில் விழுமா, ஏசிக் காற்று நேராக அடிக்குமா, குழந்தையின் கைக்கு எட்டுமா, வாரம் ஒருமுறை தூசி தட்டுவது யார் என்று பாருங்கள். இதற்கெல்லாம் பதில் தெரிந்தாலே பாதித் தேர்வு முடிந்துவிடும்.

இரண்டாவது, மேற்பரப்பு. வெறும் மரமா, சாயமா, வண்ணப்பூச்சா? என் கணக்கில் மிக முக்கியமான அளவுகோல் இதுதான். வெறும் மரம் வருஷங்கள் போகப்போக அழகு கூடும். வண்ணம் பூசியது அன்றிலிருந்தே இழக்கத் தொடங்கும். மங்கிய வண்ணத்துக்கும் ஓர் அழகு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் உரிந்த வண்ணத்தை நாம் சரிசெய்யப் போனால் பொருளே கெட்டுவிடும்.

மூன்றாவது, செய்தவரோ ஊரோ யார் என்று தெரிந்துகொள்ள வழி உண்டா என்பது. நான்காவது, கையில் வந்து சேரும்வரை ஆகும் முழுச் செலவு.

ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். கடைச் சீட்டில் ‘இத்தோபோரி’ என்று எழுதியிருக்கும். ஒரே கத்தியால் செதுக்கியது என்று பொருள். நாரா, தகயாமா, சாசானோ என மூன்று ஊர்களும் தங்கள் வேலையை இந்தப் பெயரில்தான் சொல்கின்றன. மூன்றும் மரத்திலும் கருவியிலும் விலையிலும் முற்றிலும் வேறானவை. அதனால் ‘இத்தோபோரி வாங்கினேன்’ என்று யாராவது சொன்னால் எந்த ஊர் என்று கேளுங்கள்.

## ஹொக்கைடோ கரடி

ஜப்பானில் ஒரு காலத்தில் பாதி வீடுகளின் வாசல் அலமாரியில் இந்தக் கரடி இருந்தது போலத் தோன்றும். அவ்வளவு பரவலாகக் கிடைக்கிறது. 1950களின் பிற்பகுதியிலிருந்து 1970கள்வரை வடக்குத் தீவான ஹொக்கைடோவுக்குச் சுற்றுலா போனவர்கள் வாங்கி வந்தவை இவை. தாத்தா பாட்டி வீட்டைக் காலி செய்யும்போது இன்று வெளியே வருகின்றன.

இதன் கதை இரண்டு ஊர்களில் தொடங்குகிறது. தெற்கு ஹொக்கைடோவில் யாகுமோ என்ற ஊர். ஓவாரிப் பகுதியை ஆண்ட தோக்குகாவா குடும்பத்தின் பழைய சாமுராய்கள் 1878 முதல் குடியேறிய நிலம் அது. அந்தக் குடும்பத்தின் தலைவர் தோக்குகாவா யோஷிச்சிகா 1920களின் தொடக்கத்தில் ஐரோப்பா போனபோது சுவிட்சர்லாந்தில் மரக்கரடிகளைப் பார்த்தார். பனிக்காலத்தில் வருமானமில்லாத உழவர்கள் இதைச் செய்யலாமே என்று சிலவற்றை வாங்கி வந்து காட்டினார். 1924இல் இத்தோ மசாவோ என்ற பால்பண்ணை உழவர் முதல் கரடியைச் செதுக்கினார். மாதிரிக்காகப் பண்ணையில் உயிருள்ள கரடிகளையே வளர்த்தார்கள்.

இன்னொரு ஊர் அசாஹிகாவா. அங்கே சிக்கபுமி குடியிருப்பைச் சேர்ந்த, ஹொக்கைடோவின் தொல்குடிகளான அயினு மக்களில் மத்சுயி உமெதாரோ 1926 வாக்கில் கரடி செதுக்கத் தொடங்கினார். மற்றவர்கள் அவரைப் பார்த்துக் கற்றார்கள். அயினு மக்களுக்குக் கரடி என்பது கிமுன் கமுய், மலையின் கடவுள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மெய்ஜி அரசு அவர்களுடைய நிலத்தை எடுத்துக்கொண்டு, ஆறுகளில் சால்மன் பிடிப்பதையும் தடை செய்திருந்தது. பிழைப்புக்கு வழி தேடியவர்களுக்குக் கிடைத்த தொழில்களில் ஒன்று இந்தச் செதுக்கு வேலை. மீனைக் கவ்விய கரடியை வாங்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். தன் ஆற்று மீனைப் பிடிக்கவிடாமல் தடுக்கப்பட்ட ஒரு மக்களின் கைகள் செதுக்கிய மீனும் இவற்றில் இருக்கிறது. ஜப்பான் அவர்களைத் தொல்குடி என்று சட்டத்தில் எழுதியது 2019இல்தான்.

இரண்டு ஊர் வேலையையும் பிரித்தறிய முதுகைப் பாருங்கள். யாகுமோ கரடி பலவற்றில் தோள் திமிலிலிருந்து முடி செவ்வந்திப் பூவைப் போல நாலாபுறமும் விரியும். முடியே செதுக்காமல் கோடாரி வெட்டுகளைப் பட்டை பட்டையாக விட்ட பாணியும் அந்த ஊருக்குண்டு. ஷிபாசாகி ஷிகெயுகி அதில் பெயர் பெற்றவர். அவர் கைவேலை என்று உறுதியானால் விலை லட்சக்கணக்கான யென்னுக்குப் போகும். அசாஹிகாவா வழிவந்தவை பெரும்பாலும் நுண்ணிய முடிக்கோடுகளும் கருஞ்சாயமுமாக இருக்கும். மீனைக் கவ்வி நிற்கும் கரடி பெரும்பாலும் இந்த வழியில் வந்ததுதான்.

கையெழுத்தில்லாத சுற்றுலாக் கரடி சில ஆயிரம் யென்னுக்கே கிடைக்கும், சில சமயம் அதற்கும் கீழே. ஆனால் அதன் முழுச் செலவு எடையில் இருக்கிறது. முழுக்கட்டையில் செதுக்கியது. 40 செ.மீ. நீளக் கரடி சுலபமாக நாலைந்து கிலோ இருக்கும். விமானப் பெட்டியில் 23 கிலோ அனுமதி என்றால் அதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். அடிப்பகுதியில் மரத்தின் நடுக்குருத்து தெரிந்தால் அங்கிருந்து வெளிநோக்கி வெடிப்பு ஓடியிருக்கும். பழைய வெடிப்பு, ஓரம் கறுத்துப் போனது என்றால் பயமில்லை. உள்ளே மரம் புதுசாக வெளுப்பாகத் தெரிந்தால், அது இப்போதுதான் வெடிக்கத் தொடங்கியிருக்கிறது, விட்டுவிடுங்கள்.

பெரிய ஹால், தரையிலோ தாழ்ந்த அலமாரியிலோ தனியாக ஒரு பொருள் நிற்க இடம், குழந்தை தொட்டாலும் கவலையில்லை என்றால் கரடியை எடுங்கள். சின்ன அடுக்குமாடி வீட்டில் அது அறையையே இருட்டாக்கிவிடும்.

## தகயாமாவின் இச்சீ மரம்

நான் அதிகம் விரும்புவது இதைத்தான், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஹிதா மலைநாட்டுத் தகயாமாவில் இச்சீ என்ற மரத்தில் செதுக்குகிறார்கள். ‘இச்சீ’ என்றால் முதல் தகுதி. அரசவையில் கையில் பிடிக்கும் தண்டு இந்த மரத்தில் செய்ததால் மரத்துக்கே அந்தப் பட்டம் கிடைத்தது என்பது ஊர்க்கதை. 19ஆம் நூற்றாண்டில் மத்சுதா சுகெனாகா (1800–1871) என்ற கலைஞர், வண்ணமே பூசாமல் மரத்தின் நிறத்தையே வண்ணமாக்கும் வழியை உருவாக்கினார். தவளை, ஆமை போன்ற சின்ன உயிர்களை அவர் செதுக்கியவை இன்றும் பேசப்படுகின்றன.

இந்த மரத்தில் உள்மரமான வைரம் செந்நிறம், வெளிமரமான வெளிறு வெண்மை. ஒரே கட்டையில் இரண்டும் இருக்கும். தேர்ந்த கைகள் விலங்கின் வயிறு வெண்மையிலும் முதுகு சிவப்பிலும் வரும்படி கட்டையைத் திருப்பி வைத்துச் செதுக்குகின்றன. உளி பட்ட தளங்கள் அப்படியே நிற்கும். மணற்தாள் போட்டு வழவழப்பாக்குவதில்லை. புதிதில் வெளிர்சிவப்பாக இருப்பது இருபது முப்பது வருஷத்தில் தேநீரின் ஆழ்ந்த பழுப்புக்கு வந்து, உள்ளிருந்து ஒளிர்வது போல ஆகும். பழைய பொருளாக வாங்குவதற்கு இதைவிடப் பொருத்தமானது எதுவும் இல்லை என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். அந்த முப்பது வருஷத்தை வேறொருவர் வீட்டில் அது கழித்துவிட்டு உங்களிடம் வருகிறது.

பன்னிரண்டு ஆண்டு விலங்குச் சக்கரத்தின் விலங்குகள் நிறையக் கிடைக்கும். எலி, எருது, முயல், குரங்கு என்று குடும்பத்தினர் பிறந்த ஆண்டுக்கேற்ப எடுக்கலாம். உள்ளங்கை அளவே இருக்கும் என்பதால் தூசி தட்டுவதும் கொண்டுபோவதும் எளிது. பெரும்பாலும் அடியில் செதுக்கியவரின் பெயர் இருக்கும்.

இதில் மறைந்திருக்கும் செலவு ஒன்று உண்டு, பலருக்கும் தெரியாது. இச்சீ என்பது ஜப்பானிய யூ மரம். அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் அது இருக்கிறது. சில்லறை விற்பனைக்குத் தயாராகப் பொதிந்த பொருட்களுக்கு விலக்கு இருக்கிறது. பெட்டி தொலைந்த பழைய பொருளை வெளிநாட்டுக்கு அனுப்பினால் சுங்கத்தில் கேள்வி வரக்கூடும். அதனால் மூலப்பெட்டியோடு, சீட்டோடு இருப்பதை வாங்குங்கள். ஜப்பானிலேயே குடியிருப்பவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை.

இன்னொரு எச்சரிக்கை. யூ மரம் நச்சுள்ளது. வாயில் வைத்துக் கடிக்கும் வயதுக் குழந்தையின் கையில் இதைக் கொடுக்காதீர்கள்.

## சாசானோ வல்லூறு

யமகத்தா மாநிலத்து யோனெசாவாவை அடுத்த சாசானோவில் செய்வது. ‘ஒதாகா பொப்போ’ என்று பெயர். கோஷியாபுரா என்ற வெண்மையான மென்மரத்தை, சருக்கிரி என்ற பெரிய கத்தியால் சீவிச் சீவி, சீவலை அறுக்காமல் அடியிலேயே விட்டுச் சுருட்டுகிறார்கள். இறகும் வாலும் அப்படித்தான் பிறக்கின்றன; ஒட்டு வேலை இல்லை. பஞ்சத்திலும் கடனிலும் இருந்த யோனெசாவாவை மீட்ட உயெசுகி யோசான் (1751–1822) இதைப் பனிக்காலத் துணைத்தொழிலாக ஊக்குவித்தார் என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள். பனியில் பூவே கிடைக்காத மாதங்களில் சாமிக்கு வைக்க இதே கத்தியால் மரப்பூவும் செய்தார்கள். ஜனவரி 17ஆம் தேதி சாசானோ கண்ணோன் கோயில் விழாவில் இன்றும் அவற்றைப் பார்க்கலாம்.

பார்ப்பவர்கள் கண் முதலில் போவது இதன்மீதுதான். ஒரு சீவல்கூடப் பிசகாமல் விரிந்த வாலை நான் முதன்முதலில் பார்த்தபோது கடையில் பத்து நிமிஷம் அசையாமல் நின்றேன்.

ஆனால் இதுபோல் நொறுங்குவதும் வேறில்லை. என்னிடமிருந்த பழைய வல்லூறின் வாலைத் துணியால் துடைக்கப் போய் மூன்று சுருள்கள் கையோடு வந்துவிட்டன. இதைத் துடைக்கவே கூடாது. மென்மையான வண்ணத்தூரிகையாலோ கேமரா லென்சுக்கான காற்றூதியாலோதான் தூசியை நீக்க வேண்டும். ஈரப்பதம் அதிகமான வீட்டில் சுருள் மெல்லத் தளரும். சமையலறைக்குப் பக்கத்தில் வைத்தால் எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டி, இரண்டே வருஷத்தில் சாம்பல் நிறமாகிவிடும். கண்ணாடி அலமாரியோடு சேர்த்துத்தான் இதன் விலையைக் கணக்கிட வேண்டும்.

இதில் பழையதைத் தேடி அலைய வேண்டாம் என்பது என் கருத்து. பழைய சந்தையில் வருபவற்றில் சுருள் உடைந்தவையே அதிகம். சாசானோவில் இன்றும் செய்கிறார்கள். புதிதாகவே வாங்குங்கள், காசு நேராகச் செய்கிறவர் கைக்குப் போகும்.

## வடகிழக்கின் குதிரைகள்

ஜப்பானின் வடகிழக்கு, குதிரை வளர்ப்புக்குப் பெயர் போன பகுதி. புகுஷிமாவின் மிஹாரு கோமா, ஆவோமோரியில் ஹச்சினொஹெயின் யவாத்தா உமா, செண்டாயின் கினொஷிதா கோமா என்று மூன்றைச் சேர்த்துச் சொல்வார்கள்.

மிஹாரு குதிரை நேர்க்கோட்டுத் தளங்களாக வெட்டியது. கழுத்து வளைவுகூட இரண்டு மூன்று வெட்டுகளில் முடிந்துவிடும். கறுப்புக் குதிரை குழந்தைகள் நலமாக வளர, வெள்ளை பெரியவர்கள் நீண்ட நாள் வாழ. 1954ஆம் ஆண்டுக்கான ஜப்பானியப் புத்தாண்டுத் தபால்தலையில் இருப்பது இந்தக் குதிரைதான். யவாத்தா உமா கொஞ்சம் உருண்டு திரண்டது. சேணத்துணியில் அடர்ந்த பூவேலை. ஹச்சினொஹெ பக்கம் கல்யாணத்துக்கும் புதுமனைக்கும் ஜோடியாகக் கொடுப்பது வழக்கம்.

இரண்டும் உறுதியானவை, நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய பாகம் குறைவு, விலையும் தாங்கும். எதிரி வெயில்தான். மேற்குப் பார்த்த சன்னலோரம் வைத்தால் சிவப்பு முதலில் போகும். பிடரி, வால் மயிர் உதிர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பழையவற்றில் பூச்சி முதலில் தின்பது அதைத்தான். வண்ணம் மங்கியிருந்தால் அப்படியே வையுங்கள். தயவுசெய்து வார்னிஷ் அடிக்காதீர்கள்.

2026 குதிரை ஆண்டு என்பதால் புதிதாகச் செய்தவையும் நிறைய வந்திருக்கின்றன. பழையது என்று விற்பவரிடம் அடிக்காலைக் காட்டச் சொல்லுங்கள். அலமாரியில் பல வருஷம் நின்ற குதிரையின் நாலு கால் அடியிலும் தேய்மானமும் அழுக்கும் ஒரே சீராக இருக்கும்.

## நாரா மான்

இது உழவர் கைவேலை இல்லை; கோயிலை ஒட்டி வளர்ந்த தொழில்முறைக் கலை. 1136இல் தொடங்கிய, நாராவின் கசுகா ஆலயத்து வாகாமியா விழாவில் அலங்காரமாக வைத்த மரபொம்மைகளிலிருந்து வந்தது என்கிறார்கள். மொரிகாவா தோயென் (1820–1894) அதைச் சிற்பக்கலையாக உயர்த்தினார். கசுகாவின் தெய்வம் வெள்ளை மான்மீதேறி நாராவுக்கு வந்தது என்பது நம்பிக்கை, அதனால் மான் அந்த ஊரின் புனித விலங்கு. வெட்டுத் தளங்களின் கூர்மை, அதன்மேல் கனிம வண்ணம், தங்கத்தாள்.

விலை மற்ற எல்லாவற்றையும்விடப் பல மடங்கு. கலைஞரே கையெழுத்திட்ட மரப்பெட்டி, ‘தோமோபாக்கோ’ என்பார்கள், இருந்தால்தான் பழைய பொருளுக்கு அந்த விலை தகும். கொம்பு முனை, காது நுனி இரண்டையும் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். முதல் தடவை வாங்குகிறவர்களுக்கு நான் இதைச் சொல்வதில்லை.

தசாய்ஃபு தென்மாங்கூ, கமெய்தோ தென்ஜின் ஆலயங்களின் சின்ன மரக்குருவி ‘உசோ’ பற்றியும் கேட்கிறார்கள். போன வருஷத்துக் குருவியைக் கொடுத்துவிட்டுப் புதியதை வாங்கிக்கொள்வது அதன் வழக்கம். அந்த ஆண்டின் கெட்டதெல்லாம் பொய்யாகிப் போகட்டும் என்ற வேண்டுதல் அதில் இருக்கிறது. ஜப்பானிய மொழியில் அந்தக் குருவியின் பெயரும் பொய் என்ற சொல்லும் ஒன்றே. அது வழிபாட்டுப் பொருள் என்பதால் அலங்காரப் பட்டியலில் நான் சேர்க்கவில்லை.

## ஒரு பார்வையில்

| விலங்கு | மேற்பரப்பு | வயதாகும்போது | தூசி, பராமரிப்பு | பழையதா, புதியதா | கவனிக்க வேண்டியது |
|---|---|---|---|---|---|
| ஹொக்கைடோ கரடி | சாயம் அல்லது வெறும் மரம் | நன்றாகவே இருக்கும் | முடிக்கோடுகளுக்குத் தூரிகை போதும் | பழையது | எடை, வெடிப்பு |
| தகயாமா இச்சீ | வெறும் மரம் | அழகு கூடும் | மிக எளிது | பழையது | சைட்டீஸ், நச்சு மரம் |
| சாசானோ வல்லூறு | மென்மரம், சிறிது வண்ணம் | சுருள் தளரும் | கடினம் | புதியது | கண்ணாடி அலமாரி |
| வடகிழக்குக் குதிரை | முழு வண்ணம் | நிறம் மங்கும் | எளிது | எதுவானாலும் | வெயில், மயிர்ப்பூச்சி |
| நாரா மான் | கனிம வண்ணம், தங்கம் | காத்தால் நிற்கும் | மிகுந்த கவனம் | பெட்டியோடு பழையது | விலை, கொம்பு முனை |

## எல்லாவற்றுக்கும் பொதுவான செலவு: வண்டு

பழைய மரம் வாங்குகிறவர்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். நான் ஒரு சந்தையில் வாங்கி வந்த கரடியை அலமாரியில் வைத்து இரண்டு வாரம் கழித்துத் தூக்கினால், அடியில் மாவு போல மெல்லிய தூள். விற்றவர் துளைகளை மெழுகால் அடைத்துச் சாயம் தடவியிருந்தார்.

வாங்கிய பொருளைக் கறுப்புத் தாள்மேல் ஒரு மாதம் தனியாக வையுங்கள். தூள் விழுந்தால் வண்டு உயிரோடு இருக்கிறது. வண்ணமோ ஒட்டிய கண்ணோ இல்லாத வெறும் மரமென்றால், பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் இரண்டு வாரம் வைக்கலாம். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் விட்டு, அறைச்சூட்டுக்கு வந்தபின் திறக்க வேண்டும். வண்ணம் பூசியதற்கு இந்த வழி வேண்டாம். தூள் விழுகிறதென்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நம் ஊர்க் கடலோரப் புழுக்கத்தில் ஒரு கரடியிலிருந்து கிளம்பும் வண்டு பக்கத்து நாற்காலிக்கும் போகும்.

ஆஸ்திரேலியாவில் இருக்கும் நண்பர்கள், மரப்பொருளைப் பெட்டியில் கொண்டுபோனால் கட்டாயம் அறிவியுங்கள். பட்டை ஒட்டியிருந்தாலோ துளை இருந்தாலோ பிடித்து வைப்பார்கள்.

## அந்தத் தம்பிக்குச் சொன்னது

மதுரை வீட்டு ஹாலில் மதிய வெயில் நேராக விழுகிறது, சமையலறை திறந்தவாக்கில் இருக்கிறது, குழந்தைக்கு இரண்டு வயது. வல்லூறு அந்த வீட்டில் ஒரு வருஷம் தாங்காது. இச்சீ முயல் ஒன்று எனக்கே கொடுக்க ஆசை. ஆனால் குழந்தை இன்னும் எதையும் வாயில் வைக்கும் வயது. குதிரையின் வண்ணத்தை அந்த வெயில் தின்றுவிடும். கரடிதான், ஆனால் அவர் காட்டிய அந்தப் பெரிய கரடி இல்லை.

20 செ.மீ.க்குள், சாயம் கனமாக ஏறாத, நாலு காலில் நிற்கும் ஒன்றைத் தேடச் சொன்னேன். ஊர் திரும்புவதற்கு முன்னால் ஒரு வாரயிறுதி கிடைத்தால் யாகுமோவில் 2014இல் திறந்த மரக்கரடி அருங்காட்சியகத்தையோ, ஷிராவோய்யில் 2020இல் திறந்த அயினு தேசிய அருங்காட்சியகத்தையோ பார்த்துவிட்டு வாங்குங்கள் என்றும் சொன்னேன். நல்ல வேலையை ஒரு மணி நேரம் பார்த்த கண், சந்தையில் அடுத்த கரடியின் முதுகைத் தானே பார்க்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை படம் அனுப்பினார். மீன் இல்லாத சின்னக் கரடி, திமிலிலிருந்து பூவாக விரிந்த முடி, இடது காதில் பழைய சில்லு. தூள் விழுகிறதா என்று இப்போது கறுப்புத் தாள்மேல் வைத்திருக்கிறார்.